தெருவுக்கு நாலு ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் சிகிச்சையை எடை போடுவது எப்படி

போர்வெல் மோட்டார் நின்றுவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். மேலே இழுத்துப் பார்த்துவிட்டு "காயில் போயிருச்சுங்க" என்பார். காயில் போனதா, கெப்பாசிட்டர் போனதா என்று நமக்குத் தெரியாது. பழுது என்னவென்று சொல்பவரும் அதைச் சரிசெய்து காசு வாங்குபவரும் ஒரே ஆள். மருத்துவத்திலும் இதே நிலைதான். நோயாளிக்கு என்ன தேவை என்று முடிவு செய்பவரே அதை விற்பவராகவும் இருக்கிறார். கென்னத் ஆரோ என்ற பொருளியல் அறிஞர் 1963-இல் மருத்துவச் சந்தை மற்றச் சந்தைகளைப் போல நடக்காது என்று எழுதியதற்கு, இரு தரப்புக்கும் இடையிலுள்ள இந்த அறிவு இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

அதனால்தான் கத்தரிக்காய் வரத்து கூடினால் விலை இறங்குவது போல, டாக்டர் கூடினால் வைத்தியச் செலவு இறங்குவதில்லை. பல நேரம் வைத்தியத்தின் அளவுதான் கூடுகிறது. கோவை அவிநாசி ரோட்டிலும் ஈரோடு பெருந்துறை ரோட்டிலும் ஆஸ்பத்திரிப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போகிற நமக்கு இது வெறும் பாடப்புத்தகச் சங்கதி அல்ல. எந்த இடத்தில் "சரிங்க" என்று உடனே தலையாட்டுவது, எந்த இடத்தில் "ஒரு வாரம் பொறுங்க" என்பது என்று தெரிந்துகொள்ள இந்தக் குறிப்பு உதவும்.

எப்படிக் கூடுகிறது

அமெரிக்காவில் மில்டன் ரோமர் என்ற பொதுச் சுகாதார ஆய்வாளர் 1959 முதல் சொல்லிவந்தது இது: காப்பீடு இருக்கிற ஊரில் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் போட்டால் அந்தக் கட்டில் நிரம்பிவிடும். விக்டர் ஃபுக்ஸ் என்ற பொருளியல் அறிஞர் 1978-இல் கணக்கிட்டபோது, மக்கள்தொகைக்கு அறுவை மருத்துவர்கள் 10 சதவீதம் கூடினால் ஆபரேஷன்கள் ஏறத்தாழ 3 சதவீதம் கூடுவதாக வந்தது. இந்த வகைக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. 1994-இல் டிரானோவ், வெனர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதே முறையைப் பிரசவங்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். மகப்பேறு டாக்டர் கூடினால் குழந்தை பிறப்பதே கூடுகிறது என்று விடை வந்தது! டாக்டர்கள் நோயாளி இருக்கிற இடம் தேடிப் போவதும் உண்டு. பக்கத்து ஊர்க்காரர்கள் டாக்டர் இருக்கிற ஊருக்கு வருவதும் உண்டு. கூடுவது எல்லாமே தேவையற்றது என்று சொல்லிவிட முடியாது. அந்தியூரிலிருந்து ஈரோட்டுக்கு பஸ் ஏற வேண்டியிருந்த பாட்டி, உள்ளூரிலேயே கண் டாக்டர் வந்ததால் புரை எடுத்துக்கொண்டால் அது நல்ல கூடுதல்.

கெட்ட கூடுதல் எங்கே வருகிறது? இடைப்பட்ட நிலையில்தான். குடல்வால் வெடிக்கப் போகிறதென்றால் ஊரில் ஒரு சர்ஜன் இருந்தாலும் பத்துப் பேர் இருந்தாலும் ஆபரேஷன்தான். சாதாரணச் சளிக்கு எந்த சர்ஜனும் கத்தி எடுப்பதில்லை. நடுவில் ஒரு பெரிய பரப்பு இருக்கிறது: மூட்டு வலி, முதுகு வலி, அதிக உதிரப்போக்கு, நடந்தால் வரும் நெஞ்சு வலி, ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த கல், கட்டி. செய்யலாம், செய்யாமல் பார்க்கவும் செய்யலாம் என்ற நிலை. ஒரு டாக்டருக்கு நாளைக்கு நூறு பேர் வந்தால் "மாத்திரை சாப்பிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க" என்பார். இருபது பேர் மட்டும் வந்தால் அதே நோயாளிக்கு ஒரு ஸ்கேன் கூடுதலாக எழுத நேரமும் இருக்கும், காரணமும் தோன்றும். இதில் பொய்யோ ஏமாற்றோ இருக்க வேண்டும் என்பதில்லை. "விட்டுவிட்டால் என்ன ஆகுமோ" என்ற நேர்மையான பயமே போதும்.

கருவிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு ஸ்கேன் மெஷினுக்கு மாதத் தவணை 8 லட்சம், ஒரு ஸ்கேனுக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தவணை கட்டுவதற்கு மட்டுமே மாதம் 134 ஸ்கேன் வேண்டும். 26 வேலை நாளுக்குப் பிரித்தால் தினமும் ஐந்துக்கு மேல். கரண்ட், சம்பளம், ரிப்போர்ட் எழுதுபவர் கட்டணம் எல்லாம் அதற்குப் பிறகு. பவர்லூம் தறி போட்டவர்களுக்கு இது தனியாக விளங்க வைக்க வேண்டியதில்லை. தறி சும்மா நின்றால் வட்டி தின்னும்.

நம் பக்கத்துப் பங்கும் இருக்கிறது. காய்ச்சலுக்குப் போய் "ஒரு ஊசி போட்டுடுங்க, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்கிறோம். வேண்டாம் என்று சொல்கிற டாக்டரை விட்டு அடுத்த தெரு கிளினிக்குக்குப் போகிறோம். கிளினிக் நெருக்கமாக இருக்கிற ஊரில் "வேண்டாம்" என்று சொல்லும் டாக்டர்தான் நோயாளியை இழக்கிறார். போட்டி இங்கே விலையைக் குறைப்பதற்குப் பதிலாக ஊசியைக் கூட்டுகிறது. குளுக்கோஸ் வேண்டாம் என்று சொன்ன டாக்டரிடமே மறுபடி போவது நாம் செய்யக்கூடிய முதல் காரியம்.

முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

எந்த ஆலோசனை வந்தாலும் முதல் கேள்வி: இது அவசரமா? நெஞ்சை அழுத்துகிற வலி வியர்வையோடு வந்தால், முகம் கோணி ஒரு பக்கம் கை கால் விழுந்தால், மூச்சு வாங்கினால், வயிறு பலகை போல இறுகினால், பிரசவத்தில் ரத்தம் கொட்டினால், பாம்பு கடித்தால், பெரிய அடி பட்டால், இந்தக் கட்டுரையை மறந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அங்கே இரண்டாவது கருத்துக் கேட்டுத் தாமதிப்பது ஆளையே கொன்றுவிடும். ஆஸ்பத்திரி நெருக்கமாக இருப்பதன் முழுப் பலனும் இங்கேதான் கிடைக்கிறது.

அவசரம் இல்லையென்றால் டாக்டரிடமே மூன்று கேள்வி கேளுங்கள். இவற்றைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது, எதிரே உட்கார்ந்தால் மறந்துபோகும்:

"ஏனுங்க டாக்டர், இதைச் செய்யாம மூணு மாசம் பார்த்தா என்ன ஆகுமுங்க?"

"இந்த டெஸ்ட்டுல என்ன வந்தா வைத்தியம் மாறுமுங்க?"

"கத்தி வைக்காம வேற வழி என்னென்ன இருக்குதுங்க, அதுல எத்தனை பேருக்குச் சரியாகுமுங்க?"

மூன்றில் இரண்டாவதுதான் கூர்மையானது. எது வந்தாலும் அதே மாத்திரைதான் என்றால் அந்த டெஸ்ட் வேண்டாம். நல்ல டாக்டர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை. பெரும்பாலும் அவர்களே "அப்ப இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். "நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" என்று பதில் வந்தால் வேறு இடத்தில் ஒருமுறை கேளுங்கள்.

அடுத்தது, வரவேற்பு மேசையில் "இன்சூரன்ஸ் இருக்குங்களா?" என்று கேட்டால் "டாக்டர் என்ன சொல்றாருன்னு பார்த்துட்டுச் சொல்றோமுங்க" என்று நிறுத்துங்கள். ஆலோசனை முதலில், அட்டை பிறகு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு என்பது நோயாளிக்குப் பாதுகாப்பு. ஆனால் கையிலிருந்து காசு போகாதபோது "செஞ்சுடலாமுங்க" என்று இரு பக்கமும் சொல்வது எளிதாகிவிடுகிறது. காசு வேறு ஒருவர் கட்டினாலும் வெட்டுவது நம் உடம்பைத்தான்.

பிரசவம்

இதில்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அரசு ஆஸ்பத்திரியில் 36, தனியாரில் 63.8. இந்தியா முழுவதற்கும் 21.5. ஒரு நாட்டில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிக் கூடினால் தாய் சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. அமெரிக்காவிலும் 1970 முதல் 1982 வரை பிறப்பு விகிதம் 13.5 சதவீதம் விழுந்தபோது சிசேரியன் கூடியதை குரூபர், ஓவிங்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1996-இல் காட்டினார்கள். பிரசவம் குறைந்தால் டாக்டரின் வருமானம் குறையும். சுகப்பிரசவத்தைவிட சிசேரியனுக்குக் காசு அதிகம். நம் மாவட்டங்களிலும் வீட்டுக்கு ஒரு குழந்தை, இரண்டு குழந்தை என்று ஆகிப் பல காலமாகிறது.

எட்டாம் மாதத்துக்குள் டாக்டரிடம் "போன வருஷம் உங்ககிட்ட முதல் பிரசவத்துக்கு வந்தவங்கள்ல எத்தனை பேருக்கு சிசேரியனுங்க?" என்று கேளுங்கள். கணக்கு வைத்திருக்கிற இடம் நம்பத் தகுந்த இடம். பிரசவ அறைக்கு வெளியே நிற்கும்போது காதில் விழுகிற காரணங்களில் மூன்றைத் தெரிந்து வைத்திருங்கள்:

"கொடி சுத்தியிருக்குது." கழுத்தில் கொடி சுற்றிப் பிறக்கும் குழந்தைகள் ஏராளம், ஐந்தில் ஒன்று என்றுகூடச் சொல்லலாம். அது மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது. குழந்தையின் இதயத் துடிப்பு விழுகிறதா என்பதுதான் கேள்வி.

"தண்ணி குறைஞ்சிருச்சு." எண் என்ன என்று கேளுங்கள். நான்கு இடங்களில் அளந்து கூட்டிச் சொல்லும் அளவு 5 சென்டிமீட்டருக்குள் வந்தால்தான் குறைவு என்பார்கள். 8, 9 இருந்தால் அதை வைத்து மட்டும் அவசரப்பட வேண்டியதில்லை.

"வாய் திறக்கல, முன்னேற்றம் இல்லை." உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலில் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் முழு வேகப் பிரசவம் தொடங்குகிறது. அதன்பின் முதல் பிரசவத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். 2 சென்டிமீட்டரில் சேர்த்துவிட்டு ஆறு மணி நேரத்தில் "முன்னேற்றம் இல்லை" என்றால் அது பிரசவத்தின் குறை அல்ல, சீக்கிரம் சேர்த்ததன் குறை. வலி விட்டுவிட்டு வரும்போதே ஓடாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வரும்வரை வீட்டில் இருக்கலாமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ உடனே கிளம்ப வேண்டும்.

நஞ்சுக்கொடி கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால், குழந்தை குறுக்கே கிடந்தால், கொடி முன்னால் விழுந்தால், துடிப்பு விழுந்து எழாமல் இருந்தால் சிசேரியன் உயிர் காக்கும், தயங்க வேண்டாம். நல்ல நாள், நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்துக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரம் முடியுமுன் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது. இந்தத் தவறை ஆஸ்பத்திரி மேல் போட முடியாது, ஜாதகக் கட்டோடு போவது நாம்தான்.

நெஞ்சு, முதுகு, மூட்டு, கர்ப்பப்பை

இதய அடைப்பில் இரண்டு வகை. இப்போது அட்டாக் வந்திருக்கிறது என்றால் ஸ்டென்ட், அதாவது அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய், உயிர் காக்கும். மாடி ஏறினால் வலி, உட்கார்ந்தால் போகிறது என்று மாதக்கணக்காக இருப்பது வேறு. இந்த இரண்டாவது வகையில் நல்ல மாத்திரையோடு ஒப்பிட்டால் ஸ்டென்ட் வைப்பது சாவையோ அட்டாக்கையோ குறைக்கவில்லை என்று 2007-இல் வந்த 'கரேஜ்' ஆய்வும், 5,179 பேரை வைத்து நடந்து 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வும் காட்டின. வலி குறைவது உண்மை, அதற்காக வைக்கலாம். இடது முதன்மை ரத்தக்குழாயில் அடைப்பு, இதயத்தின் பம்ப் பலம் மிகவும் குறைவு என்றால் கணக்கு மாறும்.

தவறு நடப்பது ஆஞ்சியோ மேசையில். இதய ரத்தக்குழாயைப் படம் எடுக்கிற ஆஞ்சியோவுக்குப் படுக்க வைத்து, பாதியில் வெளியே வந்து "90 பர்சன்ட் அடைப்பு, இப்பவே வைக்கணும், கையெழுத்துப் போடுங்க" என்றால் யாருக்கு யோசனை ஓடும்? ஆகவே அவசரமில்லாத ஆஞ்சியோ என்றால் உள்ளே போகுமுன்பே "படம் மட்டும் எடுங்க, சி.டி. வாங்கிட்டுப் போய் யோசிச்சுச் சொல்றோமுங்க" என்று சொல்லி, சம்மதப் படிவத்திலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் "டிஸ்க் விலகியிருக்கு" என்று வருவது சகஜம். வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த படங்களைத் தொகுத்துப் பார்த்ததில் இருபது வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கல் இருந்தது, எண்பது வயதில் 84 சதவீதம். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனால், உட்காரும் இடம் மரத்துப்போனால், கால் பலம் நாளுக்கு நாள் குறைந்தால், காய்ச்சலோ முன்பு புற்றுநோயோ இருந்தால், கீழே விழுந்து வந்த வலி என்றால் உடனே படம் எடுக்க வேண்டும். மற்றதுக்கு ஆறு வாரம் நடமாடிக்கொண்டே பாருங்கள். மூட்டுத் தேய்மானத்துக்கு ஓட்டை போட்டுக் கழுவுகிற ஆபரேஷன், பொய்யாகக் கீறிவிட்டு மூடியதைவிடப் பலன் தரவில்லை என்று 2002-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மூட்டு மாற்று அறுவை வேறு விஷயம். நடக்கவும் தூங்கவும் முடியாத நிலையில் அது நல்ல வைத்தியம்.

கர்ப்பப்பையில் "புண்ணு இருக்குது, விட்டா புத்துநோயாயிடும்" என்ற ஒரே வாக்கியத்தில் ஆபரேஷனுக்குச் சம்மதித்தவர்கள் அதிகம். கர்ப்பப்பை வாயில் புண் என்பது புற்றுநோய் அல்ல. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும், 45 வயதுக்கு மேல் உதிரப்போக்கு ஒழுங்கற்று இருந்தால் உள்சவ்வுச் சதைப் பரிசோதனையும் முடித்து ரிப்போர்ட் கையில் வந்த பிறகே பேச்சு. சாதாரண உதிரப்போக்குக்கு மாத்திரையும், காப்பர்-டி போலவே உள்ளே வைக்கிற, ஆனால் ஹார்மோன் தருகிற சாதனமும் இருக்கின்றன. மாதவிலக்கு நிற்காத வயதில் சினைப்பையையும் சேர்த்து எடுக்கிறார்களா என்று குறிப்பாகக் கேளுங்கள். எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும். தேவையற்ற கர்ப்பப்பை அகற்றல்களைத் தடுக்கும் வழிகாட்டுதலைப் பின்பற்றும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது.

முகாமும் பேக்கேஜும்

நோயில்லாதவரை நோயாளியாக்கும் வாசல் இது. தென்கொரியாவில் 1999-க்குப் பிறகு உடல் பரிசோதனையோடு தைராய்டு ஸ்கேனும் மலிவாகச் சேர்ந்துகொண்டது. 1993-ஐவிட 2011-இல் தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு கண்டுபிடிக்கப்பட்டது. சாவு எண்ணிக்கை கொஞ்சமும் மாறவில்லை. அதாவது எடுத்ததில் பெரும்பகுதி எடுக்கத் தேவையில்லாதது. எடுத்தவர்கள் வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

கல்யாண மண்டபத்தில் முகாம் என்றால் ரத்த அழுத்தம், சர்க்கரை பாருங்கள். புகையிலை, வெற்றிலை போடுபவர்கள் வாயைக் காட்டுங்கள். முப்பது தாண்டிய பெண்கள் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அழுத்தமும் சர்க்கரையும் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலிலேயே பார்க்கிறார்கள். அறிகுறி இல்லாதவருக்குப் புற்றுநோய் மார்க்கர் ரத்தப் பரிசோதனை, டிரெட்மில் இதயச் சோதனை, முழு உடம்பு ஸ்கேன் வேண்டாம். அப்படிப் பார்த்ததில் பித்தப்பைக் கல் தெரிந்து, அதனால் வலியே வந்ததில்லை என்றால் பெரும்பாலும் அதை அப்படியே விடலாம். சிறுநீரகக் கல் 5 மில்லிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் தானே இறங்கிவிடும்.

இரண்டாவது கருத்தைச் சரியாக வாங்குவது

பலர் இதைத் தப்பாகச் செய்கிறார்கள். முதல் டாக்டர் சொன்னதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். இரண்டாமவர் அதற்குத் தலையாட்டுகிறார். தொந்தரவை மட்டும் சொல்லுங்கள், படத்தைக் கொடுங்கள், அவர் முடிவைச் சொன்ன பிறகு பழையதைச் சொல்லுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஃபிலிமோ சி.டி.யோ வேண்டும். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டைத் தர வேண்டும். எழுதிக் கொடுத்து, தேதியோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதே விதிகள் நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கின்றன. "அந்த லேப்ல மட்டும்தான் எடுக்கணும்" என்று அழுத்திச் சொன்னால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

யாரிடம் போவது? அந்த ஆபரேஷனைச் செய்து காசு வாங்காத ஒருவரிடம். முதுகுக்கு சர்ஜன் சொன்னால் உடல் இயக்க மருத்துவரிடம். ஸ்டென்ட்டுக்குச் சொன்னால் பொது மருத்துவரிடம். அரசு மருத்துவக் கல்லூரி வெளிநோயாளிப் பிரிவு இதற்கு மிகவும் ஏற்றது. அங்கே மாதச் சம்பளம், கேஸ் கணக்கு இல்லை. கோவை, சேலம், பெருந்துறை, கரூர், திருப்பூர், நாமக்கல் என்று ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் ஏதாவது ஒன்று இருக்கிறது. காலையில் சீக்கிரம் போங்கள், பழைய சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு போங்கள், ஒரு நாள் கூலி போகும் என்று தயாராகப் போங்கள். பின்னலாடைக் கம்பெனி வேலைக்காரர்கள் இ.எஸ்.ஐ. டாக்டரிடமே இதைக் கேட்கலாம்.

மலைக்கு மேலே கணக்கு தலைகீழ்

இதே ஈரோடு மாவட்டத்தில் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால் தாளவாடியும், அந்தியூருக்கு மேலே பர்கூரும் இருக்கின்றன. அங்கே ஆபத்து கூடுதல் வைத்தியம் அல்ல, வைத்தியம் எட்டாததுதான். தூரமும் ஒரு விலை. சமவெளியில் முதல் நாளே டாக்டரைப் பார்க்கிற காய்ச்சல் அங்கே நான்காம் நாள் கீழே இறங்குகிறது. ஆகவே மேலே சொன்ன "மூணு மாசம் பொறுத்துப் பார்க்கலாமா" என்ற கேள்வியை மலைக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கே கேட்க வேண்டியது "ராத்திரி முத்துனா கீழ கொண்டு போக எத்தனை மணி நேரமாகுமுங்க?" என்பது. முதல் பிரசவமோ, முன்பு சிசேரியன் ஆனவரோ என்றால் குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்பே கீழே உறவினர் வீட்டுக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவக் காத்திருப்பு அறைக்கோ வந்துவிட வேண்டும். கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் ஏழாம் மாதத்திலேயே இதைப் பேசி, எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, கூட வருவது யார் என்ற மூன்றையும் தாய் சேய் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துவிடுங்கள்.